ஃபிட்ஜெட் பலன் தராதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ள பிள்ளையின் கையில் உருட்டவோ பிசையவோ ஒரு சிறு பொருளைக் கொடுத்தால் கவனம் நிற்கும் என்று கேள்விப்பட்டு ஃபிட்ஜெட் வாங்கியவர்களில் பலர், சில வாரங்களிலேயே அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் பாலக்காட்டு எல்லையோர ஊர்களில் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பேசும்போது நான் கேட்கும் குறைகள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு என்பதால் சரிசெய்யும் முறையும் வேறு. உங்களுக்கு நேர்வது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்துவரும் பகுதியை மட்டும் அனைவரும் படித்துவிடுவது நல்லது, ஏனெனில் பொருள் பலன் தருகிறதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்பதிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது.

முதலில், எதை வைத்து அளப்பது?

சலிப்பான வேலையின்போது ஏடிஹெச்டி உள்ளவர்களின் மூளை விழிப்புக் குறைந்து தளர்ந்துவிடுகிறது என்றும், கைகால் அசைவு அந்த விழிப்பை வேண்டிய அளவுக்கு உயர்த்திக்கொள்ள உதவுகிறது என்றும் ஒரு விளக்கம் ஆய்வாளர்களிடையே நெடுங்காலமாக உண்டு. 2015-இல் வெளிவந்த இரண்டு அமெரிக்க ஆய்வுகள் இதற்கு வலு சேர்த்தன. மத்திய புளோரிடா பல்கலைக்கழகக் குழுவினர் 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களுக்கு, கேட்டதை மனத்தில் நிறுத்தி வரிசைமாற்றிச் சொல்லும் பயிற்சிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, ஏடிஹெச்டி உள்ளவர்கள் அதிகம் அசைந்த வேளைகளில் நன்றாகச் செய்தார்கள், அக்குறைபாடு இல்லாதவர்களோ அதிகம் அசைந்தபோது சறுக்கினார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளின் கணுக்காலில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி நடத்திய ஆய்விலும், ஏடிஹெச்டி உள்ளவர்களின் சரியான விடைகள் அசைவு வீரியமாக இருந்த கணங்களோடு சேர்ந்து வந்தன. இரண்டு ஆய்வுகளிலும் அளக்கப்பட்டது பிள்ளையிடம் தானாக எழுந்த அசைவுதான் என்பதையும், கடையில் விற்கும் பொருள் எதையும் அவை சோதிக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. பிள்ளை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தானா என்பது கேள்வியே இல்லை, வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி. கை ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தும் பத்துக் கணக்கில் எட்டு முடிந்திருந்தால் பொருள் தன் வேலையைச் செய்திருக்கிறது. அமைதியாகப் பொருளை உருட்டியபடி மூன்று கணக்கோடு நின்றுவிட்டால், பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது பலனில்லாத பொருள். ஆகவே ஒரு நோட்டில் இரண்டு பத்திகள் போட்டு, ஒரே வகையான வேலையைப் பதினைந்து நிமிடம், ஒரு நாள் பொருளோடும் மறுநாள் பொருளில்லாமலும் செய்ய வைத்து, எத்தனை முடிந்தது, எத்தனை முறை திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது என்று மட்டும் இரண்டு வாரம் குறித்து வாருங்கள். இந்த நோட்டு பின்னால் ஆசிரியரிடம் பேசும்போதும் மருத்துவரைப் பார்க்கும்போதும் உங்கள் சொல்லைவிட அதிகம் பேசும்.

கண் பொருளை விட்டு நகர்வதில்லை

மிக அதிகமாகக் காணப்படும் குறை இதுதான், பெரும்பாலும் இதற்குக் காரணம் வாங்கிய பொருளே. 2017-இல் உலகெங்கும் பரவி நம் ஊர்த் திருவிழாக் கடைகள்வரை வந்து சேர்ந்த ஸ்பின்னர் இதற்கு நல்ல சான்று. சுழல்வது, பளபளப்பது, எவ்வளவு நேரம் நிற்காமல் சுற்றுகிறது என்று பார்க்கத் தூண்டுவது என்று அதன் சிறப்புகள் எல்லாமே கண்ணை இழுப்பவை. புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏடிஹெச்டி உள்ள, சராசரியாக ஐந்து வயதை எட்டும் பருவத்திலிருந்த 60 குழந்தைகளின் வகுப்பில் ஸ்பின்னரைக் கொடுத்தும் திரும்ப வாங்கியும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். முதல்முறை கொடுத்தபோது குழந்தைகளின் உடலசைவு குறைந்தது, இரண்டாம் முறை அந்தக் குறைவும் காணப்படவில்லை. கவனமோ இரண்டு முறையும் மோசமாகத்தான் ஆனது. அசைவு குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்திருந்தால் கவனம் சரிந்தது கண்ணில் பட்டிருக்காது என்பதால், மேலே சொன்ன அளவுகோல் ஏன் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

சரிபார்க்கும் முறை எளியது. பிள்ளையின் கையை மேசைக்குக் கீழே வைக்கச் சொல்லிப் பொருளைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் ஒரு பாடப் பகுதியை உரக்கப் படித்துவிட்டு அதிலிருந்து நான்கைந்து கேள்விகள் கேளுங்கள். கை தானாக இயங்கிக்கொண்டே இருந்து, கண் உங்கள் முகத்திலோ புத்தகத்திலோ நின்று, விடைகளும் வந்தால் பொருள் சரியானது. குனிந்து குனிந்து பார்த்தாலோ, பொருளை மேசைமேல் எடுத்துவிட்டாலோ அது விளையாட்டுப் பொருள். விளையாட்டு நேரத்துக்கு அதை ஒதுக்கிவிடலாம், பறித்து வைத்துத் தண்டிக்க வேண்டியதில்லை.

பாப் இட் எனப்படும் குமிழ் அமுக்கும் தட்டும் பல பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையில் தோற்றுவிடுகிறது, ஏனென்றால் எத்தனை குமிழ் மீதி இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். அதையே இரண்டு மூன்று குமிழ் அளவுக்கு நறுக்கிச் சாவிக்கொத்தில் கோத்துக் கொடுத்தால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. ரூபிக் கனசதுரம் போன்ற புதிர்ப் பொருட்கள் முற்றிலும் விலக்கத்தக்கவை. புதிருக்கு விடை உண்டு, விடை உள்ள பொருள் மனத்தைத் தன்பக்கம் இழுக்கும். வடிவம் மாறாத, நிறம் மங்கிய, தொட்டால் ஏதோ ஒரு தன்மை தெரிகிற பொருளே நல்லது. ஆற்றோரத்தில் எடுத்த வழவழப்பான கூழாங்கல், மூன்று புரியாகப் பின்னி நடுநடுவே முடிச்சிட்ட தென்னை நார்க் கயிறு, துணிக்குள் கோலிகுண்டு வைத்துத் தைத்த பட்டை ஆகியவை கடைப் பொருட்களைவிட இதில் மேல் என்பது என் கருத்து. கோலிப் பட்டையைச் செய்வதற்குக் கெட்டியான இரண்டு துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே வளைந்து செல்லும் ஒரு வழி இருக்கும்படி தையல் போட்டு, ஒரு கோலியை உள்ளே விட்டு நான்கு பக்கமும் மூடிவிட வேண்டும். விரலால் கோலியை வழியோடு தள்ளிக்கொண்டே இருக்கலாம். பழைய ஜீன்ஸ் துணி இதற்கு மிகப் பொருத்தம்.

ஓரத்தில் கிறுக்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 40 பேரைச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்க வைத்தபோது, கேட்டபடியே தாளில் அச்சிட்டிருந்த வடிவங்களுக்குள் பென்சிலால் தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் ஏடிஹெச்டி உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், செய்ததும் சொந்தமாகப் படம் வரைவதன்று. கட்டங்களை நிரப்புவதும் கோடு இழுப்பதும் உதவலாம். விஜய் முகத்தையோ மோகன்லால் முகத்தையோ வரைய ஆரம்பித்துவிட்டால் பாடம் போய்விடும்.

பாடம் கேட்கும்போது உதவுகிறது, எழுதும்போது உதவவில்லை

இதில் பொருளின் குற்றம் ஒன்றுமில்லை. எழுதும்போது ஒரு கை பேனாவையும் மறு கை நோட்டையும் பிடித்திருக்கிறது, மூன்றாவது கை கிடையாது. கையில் உருட்டும் பொருள் கேட்பதற்கும், படிப்பதற்கும், வாய்விட்டு ஒப்பிப்பதற்கும் உரியது. எழுத்து வேலைக்கு அசைவைக் காலுக்கு மாற்ற வேண்டும்.

நாற்காலியில் தனியாக உட்காரும் பிள்ளைக்கு, நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துப் பழைய சைக்கிள் ட்யூபைக் கட்டிவிட்டால் கணுக்காலால் அதை அழுத்தியும் தள்ளியும் கொண்டிருக்கலாம். நம் பக்கத்துப் பள்ளிகளில் மூன்று நான்கு பேர் ஒரே பெஞ்சில் உட்காருவதால் அங்கே இது ஒத்துவராது, ஒருவன் அசைத்தால் பெஞ்சே ஆடும், பக்கத்துப் பிள்ளையின் கையெழுத்துக் கோணும். பெஞ்சுக்கு ஏற்றது தென்னை நார் மிதியடி. பொள்ளாச்சிப் பக்கம் எங்கும் மலிவாகக் கிடைக்கும் கயிற்று மிதியடியில் ஓர் அடிச் சதுரம் வெட்டி, பிரியாதபடி ஓரத்தைத் தைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலை அதன்மேல் தேய்த்துக்கொள்ளச் சொல்லலாம். சத்தமில்லை, யாருக்கும் தெரிவதில்லை, காசும் அதிகமில்லை. பள்ளியில் ஷூ கழற்ற அனுமதி இல்லாவிட்டால் ஷூவுக்குள்ளேயே விரல்களை மடக்கி இறுக்கித் தளர்த்தப் பழக்குங்கள். நோட்டைப் பிடிக்கும் இடக்கை சும்மா இருக்க மறுத்தால், அந்தக் கை படும் இடத்தில் டெஸ்க்கின் அடிப்பக்கம் ஒரு துண்டு வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தை ஒட்டி வையுங்கள், விரல்நுனி அதைத் தேடிக்கொள்ளும்.

நீண்ட கட்டுரையோ பல பக்கக் கணக்கோ என்றால் எந்தப் பொருளும் முழுநேரம் தாங்காது. அதற்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்து வருவதுதான் தீர்வு. எழுந்து வந்தால் மறுபடி உட்கார மாட்டானே என்று அஞ்சும் பெற்றோர், எழும் முன்பே அடுத்துச் செய்யவேண்டிய வரியின் முதல் சொல்லை எழுதி வைத்துவிட்டு எழச் சொல்லிப் பாருங்கள்.

முதல் வாரம் நன்றாக இருந்தது, பிறகு பலன் போய்விட்டது

புதுமை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் புதியது எதுவும் சற்று நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால், முதல் சில நாட்களின் பலனில் ஒரு பகுதி பொருளுடையது, மறு பகுதி புதுமையுடையது. மூன்று நான்கு பொருட்களை மட்டும் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள், மீதியைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பத்துப் பொருட்களை ஒரே நாளில் வாங்கிக் கொட்டினால் எதை எடுப்பது என்று தேர்வதே ஒரு வேலையாகிவிடும். படிக்கும்போது பயன்படுத்தும் பொருளை டிவி பார்க்கும்போதும் வண்டியில் போகும்போதும் கையில் விட்டுவைக்காதீர்கள்.

சத்தம் பக்கத்தில் இருப்பவர்களைக் கெடுக்கிறது

சொடுக்கும் பொத்தான், உலோகச் சங்கிலி, புளியங்கொட்டை போட்ட பை ஆகியவை அனைத்தும் சத்தம் எழுப்புபவை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவே தட்டி மட்டும் இருக்கிற பழைய கட்டடங்களில் இது இன்னும் மோசம். வாங்கும் முன் பொருளை உங்கள் காதருகே வைத்து உருட்டிப் பாருங்கள். அமைதியான அறையில் கைநீட்டும் தூரத்தில் கேட்டால் அது பள்ளிக்கு ஆகாது.

வியர்வையில் பிசுபிசுக்கிறது, ஒட்டுகிறது, நாறுகிறது

பாலக்காட்டுக் கணவாயின் மார்ச் மாத வெயிலில் பிசையும் பசைப் பொருட்கள் இளகி நோட்டிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். மைதா, உப்பு, எண்ணெய் சேர்த்து வீட்டில் பிசைந்த மாவு எறும்பை அழைத்துவரும், மூன்றாம் நாள் புளித்தும் போகும். கோடையில் மரம், கல், கயிறு, தடித்த ரப்பர் ஆகியவற்றுக்கு மாறிவிடுவதே நல்லது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவ மழையில் நார்ப் பொருட்களில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை வெயில் கண்டபோது காயவைக்க வேண்டும். பலூனுக்குள் அரிசி மாவோ கேழ்வரகு மாவோ அடைத்த பந்து எல்லாக் காலத்துக்கும் பிடிமானமானதுதான், ஆனால் கண்டிப்பாக இரண்டு பலூன்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்ட வேண்டும். கிழிந்த பலூன் துண்டு சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கினால் மூச்சை அடைத்துவிடும். தம்பி தங்கை உள்ள வீட்டில் இந்தப் பந்து வேண்டாம்.

வாயில் போடுகிறது, கடிக்கிறது, உடைக்கிறது

இந்த அறிகுறியில் மட்டும் பொருளைச் சரிசெய்ய முயலாமல் உடனே கையிலிருந்து வாங்கிவிட்டு, பிறகு மாற்றுத் தேடுங்கள். சிலருக்கு அசைவின் தேவை கையைவிட வாயில் அதிகம். சட்டைக் காலரையும் பென்சில் முனையையும் கடித்துக் குதறும் பிள்ளைக்குக் கையில் எதைக் கொடுத்தாலும் அது வாய்க்குத்தான் போகும். அவர்களுக்கென்றே கடிப்பதற்கான சிலிக்கான் பென்சில் மூடிகள் கிடைக்கின்றன. வீட்டில் படிக்கும் நேரத்தில் வெள்ளரி, கேரட், வறுத்த கடலை போன்றவையே போதும்.

ஆபத்து மூன்று இடங்களில் இருக்கிறது. விளக்கு எரியும் ஸ்பின்னர்களிலும் பந்துகளிலும் உள்ள பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் தங்கி இரண்டே மணி நேரத்தில் கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடக்கூடும். சந்தேகம் இருந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். சிறு காந்த உருண்டைகள் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை இடையில் இழுத்து ஒட்டிக்கொண்டு சுவரைத் துளைத்துவிடும், இதுவும் அவசர சிகிச்சைக்கு உரியதே. மூன்றாவது நம் நிலத்துக்கே உரியது. குருவாயூர்க் கோயிலில் உருளியில் குவித்திருக்கும் மஞ்சாடிக்குருவைக் குழந்தைகள் இரு கையாலும் வாரி விளையாடுவது வழக்கம், அதைப் பார்த்து வீட்டிலும் ஒரு கிண்ணத்தில் விதைகளைச் சேர்த்து வைப்பவர்கள் எல்லையின் இருபுறமும் உண்டு. கைக்கு இதமான பொருள்தான். ஆனால் வேலியோரம் பொறுக்கி வரும்போது குன்றிமணியும் அதோடு கலந்துவிடுகிறது. மஞ்சாடி முழுச் சிவப்பு. குன்றிமணி சற்றுச் சிறிது, சிவப்பில் ஒரு கறுப்புக் கண் இருக்கும். குன்றிமணியை மென்றாலோ, மாலைக்காகத் துளையிட்டதை விழுங்கினாலோ அதிலுள்ள ஏப்ரின் என்னும் நஞ்சு உயிருக்கே உலைவைக்கக்கூடியது. வாயில் போடும் பழக்கம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் எந்த விதையும் கைப்பொருளாக வேண்டாம், ஏனெனில் மஞ்சாடியும் தொண்டையில் சிக்கும்.

நகம் கடிப்பதும் தோலைப் பிய்ப்பதும் நிற்கவில்லை

விரல் சும்மா இருப்பதால் வரும் பழக்கமாக இருந்தால், பிய்க்கும் செயலையே ஒத்த பொருள் உதவும். வழவழப்பான கல்லை இங்கே கொடுத்துப் பயனில்லை. நார் நாராக உரிக்கக்கூடிய ஒன்றை, உதாரணமாகத் தேங்காய் மட்டையின் ஒரு துண்டையோ, உலர்ந்த பசை தடவிய அட்டையையோ கொடுத்துப் பாருங்கள். இரத்தம் வரும்வரை தோலைப் பிய்ப்பது, தலையில் வழுக்கைத் திட்டு விழும்வரை முடியைப் பிடுங்குவது ஆகியவை வேறு நிலை. அவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு, பதற்றமும் கூட இருக்கக்கூடும், மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பள்ளியில் வாங்கி வைத்துவிடுகிறார்கள்

ஆசிரியரின் நிலையிலிருந்து பார்த்தால் இது நியாயமே. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவன் கையில் பொம்மை இருந்தால் மற்றவர்களும் கேட்பார்கள். பொருளைப் பையில் போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு சண்டைக்குப் போவதைவிட, முதலில் போய்க் கேட்பது எவ்வளவோ மேல். மலையாளம் சொந்தமொழியான ஆசிரியராக இருந்தாலும் இந்தப் பகுதியில் தமிழ் புரியாதவர் குறைவு. இப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் அரிது: "டீச்சர், பாடம் கேக்கும்போது மட்டும் இவன் இதைக் கையில வெச்சுக்கட்டுங்க. ஒரு வாரம் பாருங்க. சரிப்படலைன்னா நானே வந்து வாங்கிட்டுப் போயிடறேன்." இதில் கால அளவும், தோற்றால் பின்வாங்கும் உறுதியும் இருப்பதைக் கவனியுங்கள். கூடவே பிள்ளையிடமும் பேசிவைக்க வேண்டும். பொருள் மேசைக்குக் கீழேயே இருக்கும், யாருக்கும் தூக்கிப் போடக் கூடாது, டீச்சர் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவதை மீறினால் அடுத்த நாள் வீட்டிலேயே இருக்கட்டும்.

சட்டத்தின் பக்கபலம் எவ்வளவு என்று கேட்பவர்களும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன, அவற்றில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இடம்பெறுகின்றன, ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. எனவே ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளைக்குப் பள்ளி தரும் சலுகை பெரும்பாலும் மருத்துவர் கடிதத்தையும் தலைமையாசிரியரின் மனத்தையும் பொறுத்தது. ஏடிஹெச்டியோடு கற்றல் குறைபாடும் சேர்ந்து வருவது அடிக்கடி நிகழ்வது என்பதால், எழுத்திலும் படிப்பிலும் தனிச் சிக்கல் தெரிந்தால் அதையும் சோதித்துச் சான்று பெற்றுக்கொள்வது பயனுள்ளது.

பெரியவர்களுக்கு: கூட்டத்திலும் வேலையிலும் கை போனுக்கே போகிறது

போன் ஃபிட்ஜெட் அல்ல. அது கண்ணையும் மனத்தையும் சேர்த்தே கேட்கும். கூட்டத்துக்குப் போகும்போது போனைப் பையில் போட்டுவிட்டுச் சட்டைப்பையில் கல்லோ கயிறோ வைத்துக்கொள்ளுங்கள். ஜெபமாலை, தஸ்பீஹ், ருத்ராட்சம் ஆகியவை கண்ணை இழுக்காமல் விரலுக்கு மட்டும் வேலை தருவதால் அமைப்பில் ஏறக்குறைய நிறைவான கைப்பொருட்களே. ஆனால் வழிபாட்டுப் பொருளை அலுவலகக் கூட்டத்தில் உருட்டுவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்பாமல் போகலாம் என்பதால் அதே அளவில் சாதாரண மரமணிக் கோவை ஒன்றை வைத்துக்கொள்வது சிக்கலற்றது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையிலோ மில்லிலோ ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர்கள் சுழல் மோதிரம், மணிக்கட்டுக் கயிறு ஆகியவற்றை அணியவே கூடாது. வண்டி ஓட்டும்போதும் கையில் எதுவும் வேண்டாம்.

எதை மாற்றினாலும் பலனில்லை

பொருளை மாற்றியாயிற்று, காலுக்கு மாற்றியாயிற்று, இரண்டு வார நோட்டிலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். எல்லையோரத்தில் முதலில் பார்க்க வேண்டியது மொழி. வீட்டில் தமிழ் மட்டும் பேசிவிட்டு மலையாள வழி வகுப்பிலோ ஆங்கில வழி வகுப்பிலோ உட்காரும் பிள்ளை, பாதி புரியாத பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலைப் பார்ப்பதில் வியப்பில்லை. தமிழில் சொன்னால் கவனம் நிற்கிறது, மற்ற மொழியில் நிற்பதில்லை என்றால், ஃபிட்ஜெட் அதற்கு மருந்தாகாது, தேவைப்படுவது மொழிப் பயிற்சியோ பயிற்றுமொழி மாற்றமோதான். சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி வகுப்புகள் உண்டு, கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் கிடைக்கிறது. ஏடிஹெச்டியும் இருந்து மொழியும் அந்நியமாக இருக்கும் பிள்ளைக்கு, கேட்பதே பாரமான வேலை என்பதால், பொருள் மிக எளியதாக இருக்க வேண்டும். ஒற்றைக் கல் போதும், கோலிப் பட்டைகூட அதிகம் என்பது என் கணிப்பு.

அடுத்து பாடத்தின் கடினம். பின்னமே புரியாத பிள்ளைக்கு விகிதக் கணக்கில் கவனம் நிற்காது. அதற்கடுத்து தூக்கம், கண்பார்வை, காது. சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி உறைந்துவிட்டு, கூப்பிட்டாலும் தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும். வகுப்பில் அது கவனக்குறைவு என்றே எண்ணப்படும், நரம்பியல் மருத்துவர் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஏடிஹெச்டி என்று இன்னும் எந்த மருத்துவரும் உறுதிசெய்யாமல், பக்கத்து வீட்டு அக்காவோ யூடியூபோ சொன்னதை வைத்து ஃபிட்ஜெட் வாங்கியிருந்தால், முதல் வேலை அந்த உறுதிசெய்தல்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டு வரையறைப்படி, கவனக்குறைவு சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ மிகைச்செயல்பாடு சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஐந்து போதும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். பள்ளியில் மட்டும் தெரிகிறது, வீட்டில் இல்லவே இல்லை என்றால் மறுபடியும் மொழியையும் பாடத்தையும் நோக்கித் திரும்ப வேண்டியதுதான்.

உறுதியான பிறகும் ஃபிட்ஜெட் சிகிச்சைக்கு மாற்றாகாது. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சி முதலில் வரும், அதற்கு மேற்பட்டோருக்கு மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தே வழங்கப்படுகின்றன. மருந்து தொடங்கிய பிறகு கையில் உருட்டும் தேவையே குறைந்துவிடும் பிள்ளைகளும் உண்டு, அப்போது பொருளைத் திணிக்கத் தேவையில்லை. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம் என்னும் அரசுத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வரும் குழுவினர் பார்க்கும் நிலைமைகளில் ஏடிஹெச்டியும் ஒன்று. பள்ளி வழியாகவோ ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகவோ அவர்களை அணுகி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேட்கலாம். மேல்மருத்துவத்துக்குப் பாலக்காட்டுக்காரர்களில் சிலர் கோழிக்கோட்டின் இம்ஹான்ஸ் என்னும் மனநல நிறுவனத்தையும், வாளையாறு தாண்டிப் போகிறவர்கள் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் நாடுகிறார்கள். போகும்போது இரண்டு வார நோட்டையும், ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்றையும், பிள்ளையின் கடந்த இரண்டு வருடத் தேர்வுத் தாள்களையும், நீங்கள் கொடுத்துப் பார்த்த பொருட்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆசிரியர் குறிப்பு மலையாளத்தில் இருந்து நீங்கள் கோவைக்குப் போவதாக இருந்தால், புறப்படும் முன்பே அதைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.